தாய்மண்ணில் தொண்டு: ஆர்மீனியப் பிள்ளைகள் காட்டும் வழி

சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நம் வியாபாரிகள் எல்லாருக்கும் பாரிமுனை தெரியும். அங்கே அரண்மனைக்காரன் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. எந்த ராஜாவுக்கும் அங்கே அரண்மனை இருந்ததில்லை. ‘ஆர்மீனியன்’ என்ற பெயர் நம்ம ஜனங்கள் வாயில் ‘அரமனைக்காரன்’ என்று திரிந்து, பிறகு எழுதுகிறவர் கையில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தத் தெருவுக்கு இன்றும் ஆர்மீனியன் தெரு என்றுதான் பெயர்.

அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகள் இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தங்கள் பூர்விக நாட்டுக்குப் போய் ஏன் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள், அதில் சித்தூர், திருப்பதிப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன பாடம் உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சங்க மலரில் ஆர்மீனியாவுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கலாம். கடைசிவரை படித்தால் சம்பந்தம் விளங்கும்.

யார் இந்த ஆர்மீனியர்?

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே உள்ள காக்கசஸ் மலைநாட்டில் ஆர்மீனியா இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். நாட்டுக்கு வெளியே வாழும் ஆர்மீனியர் அதைவிட அதிகம். அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து உண்டு. கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவி அதை வகுத்தார் என்பது அவர்கள் மரபு. நாடு கையை விட்டுப் போன காலத்திலும் அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு அந்த எழுத்துதான்.

1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அரஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜூல்ஃபா என்னும் வணிக ஊரையே காலி செய்து, அங்கிருந்த ஆர்மீனியரைத் தன் தலைநகரான இஸ்பஹானுக்கு அருகில் குடியேற்றினார். புது ஜூல்ஃபா என்று பெயர் பெற்ற அந்தக் குடியிருப்பிலிருந்து கிளம்பியவர்கள்தாம் சூரத்துக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தார்கள். முதல் போட்டவர் புது ஜூல்ஃபாவில் உட்கார்ந்திருப்பார். உழைப்பைப் போடும் ஏஜெண்டு ஊர் ஊராகப் போய் வாங்கி விற்று, ஆண்டுக்கணக்கில் கழித்துக் கணக்கு ஒப்படைத்து லாபத்தில் பங்கு பெறுவார். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய வியாபாரத்தைக் கேட்டறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சென்னையில் அவர்கள் விட்டுப்போன அடையாளங்கள் பல. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தை 1726இல் தன் செலவில் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் அவரே. அந்தப் பழைய பாலம் போய், அதே இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனிய மாதா கோயில் இன்றும் இருக்கிறது.

சென்னையில் எழுதிய ஒரு நாட்டின் சட்டம்

1772 வாக்கில் ஷஹாமீர் ஷஹாமீரியன் என்ற செல்வந்தர் சென்னையில் ஓர் ஆர்மீனிய அச்சகம் வைத்தார். மதநூல் அச்சடிப்பதோடு நிற்கிற அச்சகம் அல்ல அது. அதிலிருந்து 1772இல் வந்த ஒரு நூல், தூங்கிக்கிடக்கும் ஆர்மீனிய இளைஞரை எழுப்புவதற்காகவே எழுதப்பட்டது. மோவ்செஸ் பக்ராமியான் அதன் ஆசிரியர். அடுத்து, 1773 என்று முகப்பில் ஆண்டு குறித்த இன்னொரு நூல் வந்தது. ‘புகழின் கண்ணி’ என்பது அதன் பெயருக்குத் தமிழ்ப் பொருள். பாரசீகரும் துருக்கரும் பங்கிட்டு ஆண்டுகொண்டிருந்த ஆர்மீனியா விடுதலை பெற்றால் அதை எப்படி ஆளவேண்டும் என்று 521 பிரிவுகளில் வகுத்த அரசியல் சட்ட வரைவு அது. மன்னர் கிடையாது, மக்கள் தேர்ந்தெடுத்த சபைதான் ஆளும் என்பது அதன் சாரம். இல்லாத நாட்டுக்குச் சென்னையில் உட்கார்ந்து சட்டம் எழுதியிருக்கிறார்கள்!

இதோடு விடவில்லை. 1771இல் ஆர்மீனியாவுக்குள்ளேயே, எச்மியாசின் என்னும் தலைமை மடத்தில், அந்நாட்டின் முதல் அச்சகம் தொடங்கியபோது அதற்குப் பணம் கொடுத்தவரும் சென்னையில் இருந்த ஓர் ஆர்மீனிய வணிகரே. 1794 அக்டோபரில் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார் சென்னையில் ‘அஸ்தராரர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. 1796 வரை நடந்தது. அவர் 1824இல் சென்னையில் காலமானார். அந்தத் தெருக் கோயில் வளாகத்திலேயே அவர் கல்லறை உள்ளது.

பணம் போயிற்று, அச்சு போயிற்று, சட்டமும் போயிற்று. ஆள் போனாரா என்று கேட்டால், போனார் ஒருவர்.

ஜோசப் எமின் என்ற முதல் தொண்டர்

ஜோசப் எமின் 1726இல் பாரசீகத்தின் ஹமதானில் பிறந்தார். கல்கத்தாவில் வியாபாரம் செய்த தகப்பனாரிடம் வளர்ந்தார். வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. சொந்த நாடு அடிமைப்பட்டுக் கிடப்பதற்குப் படையறிவு இல்லாததே காரணம் என்று நினைத்து, 1751இல் தகப்பனார் சம்மதமில்லாமல் கப்பலில் கூலிவேலை செய்துகொண்டே லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே கட்டடக் கூலியாக இருந்து பசி பட்டினி பார்த்தார். பின்னாளில் பெரும்பேச்சாளரான எட்மண்ட் பர்க்கின் நட்பு கிடைத்தது. பிரபுக்கள் சிலர் ஆதரவால் ஊல்விச் படைப்பள்ளியில் படித்தார்.

1759இல் ஆர்மீனியாவுக்குப் போனார். அங்கே அவர் கண்டது அவர் எதிர்பார்த்தது அல்ல. ஆயுதம் எடுப்பது தங்களுக்கு விதித்ததில்லை என்று ஜனங்கள் இருந்தார்கள். திரும்பி வந்து ரஷ்யா போனார், 1763இல் ஜார்ஜிய மன்னர் இரண்டாம் ஹெராக்ளியஸிடம் போனார். அந்த மன்னர் முதலில் வரவேற்றார், பிறகு அனுப்பிவிட்டார். கடைசியில் எமின் இந்தியாவுக்கே திரும்பினார். சென்னை ஆர்மீனிய வணிகர் அவருக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தும், எச்மியாசின் தலைமைக் குரு சிமியோன் எதிர்த்ததால் காரியம் கைகூடவில்லை. 1792இல் லண்டனில் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட எமின், 1809இல் கல்கத்தாவில் காலமானார்.

எமின் கதையில் ஒரு நுட்பம் உள்ளது. அவரிடம் தைரியத்துக்குக் குறைவில்லை, படிப்புக்கும் குறைவில்லை. ஆனால் அவர் போகும்போது அந்த நாட்டில் அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. ‘உனக்கு இன்ன வேலை, இன்னாரோடு சேர்ந்து செய்’ என்று சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. தொண்டு செய்யப் போகிறவனுக்கு ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே வாங்கிக்கொள்கிற கை இருக்க வேண்டும். இருநூறு ஆண்டு கழித்து ஆர்மீனியர் செய்தது அந்தக் கையை உண்டாக்கியதுதான்.

போய்க் கெட்டவர்களும் உண்டு

நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1915இல் ஒட்டோமான் துருக்கிப் பேரரசில் நடந்த இனப்படுகொலையில் லட்சக்கணக்கான ஆர்மீனியர் மாண்டார்கள். தப்பியவர்கள் சிரியா, லெபனான், பிரான்சு, அமெரிக்கா என்று சிதறினார்கள். இன்று வெளிநாட்டில் இருக்கும் ஆர்மீனியரில் பலர் இவர்கள் வழிவந்தவர்களே. இவர்களுடைய பாட்டன் ஊர் இன்றைய ஆர்மீனியக் குடியரசில் இல்லை. துருக்கி எல்லைக்குள் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத் அரசு, ‘தாய்நாட்டுக்கு வாருங்கள்’ என்று அழைத்தது. 1946 முதல் 1948 வரை ஏறத்தாழ 90,000 பேர் வீடு வாசலை விற்றுவிட்டுப் போனார்கள். போன இடத்தில் வறுமை, உள்ளூர்க்காரர் சந்தேகம், அரசின் சந்தேகம். 1949இல் பல குடும்பங்களைச் சைபீரியாப் பக்கம் நாடு கடத்தினார்கள். கொஞ்ச காலம் போய்ப் பார்த்து, பிடித்தால் இருக்கலாம் என்ற வழியே அப்போது இல்லை. கதவு ஒரு பக்கம்தான் திறந்தது.

1988 டிசம்பர் 7ஆம் தேதி ஸ்பிதாக் பூகம்பத்தில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். நாட்டின் இரண்டாவது பெரிய ஊரான கியூம்ரி இடிந்து விழுந்தது. பிரான்சில் வாழ்ந்த பாடகர் சார்ல் அஸ்னவூர் தொடங்கி, வெளிநாட்டு ஆர்மீனியர் பலர் நிதி திரட்டினார்கள். 1991இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் பக்கத்து நாட்டுடன் சண்டை, எல்லை அடைப்பு, மின்சாரம் இல்லாத குளிர்காலங்கள். லட்சக்கணக்கானோர் வேலை தேடி வெளியேறினார்கள். பணம் உள்ளே வந்தது, ஆள் வெளியே போனது. இந்தக் கணக்கு வெகுநாள் தாங்காது என்று உணர்ந்தவர்கள் 2000க்குப் பிறகு வேறு வழி தேடினார்கள்.

இன்றைய ஏற்பாடு எப்படி நடக்கிறது?

1977லேயே பாரிசில் ‘நிலமும் பண்பாடும்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு தொடங்கி, பாழடைந்த ஆர்மீனியக் கோயில்களையும் ஊர்களையும் பழுதுபார்க்க இளைஞரைக் கோடை விடுமுறையில் அனுப்பி வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆர்மீனியத் தொண்டர் படை என்ற அமைப்பு வந்தது. 2003இல் ‘பர்த்ரைட் ஆர்மீனியா’ வந்தது. பர்த்ரைட் என்றால் பிறப்புரிமை. இந்தக் கடைசி அமைப்பின் முறையைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

இருபது வயதுக்கு மேற்பட்ட, முப்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டு வரையிலான ஆர்மீனிய வம்சாவளியினர் சேரலாம். மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைந்தது இரண்டு மாதமாவது தங்கி வேலை செய்ய வேண்டும். அவரவர் படிப்புக்குத் தக்க இடம் பார்த்துக் கொடுப்பார்கள். மருத்துவம் படித்தவர் ஆஸ்பத்திரிக்கு, கம்ப்யூட்டர் படித்தவர் கம்பெனிக்கு, சட்டம் படித்தவர் உரிமைச் சங்கத்துக்கு. தலைநகர் யெரெவான் மட்டுமல்ல, கியூம்ரி போன்ற ஊர்களிலும் வேலை உண்டு. ஓட்டலில் தங்காமல் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அதற்கான தொகை போய்ச் சேரும். வாரந்தோறும் மொழி வகுப்பு இலவசம். வார இறுதியில் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். எல்லாரும் கூடிப் பேசும் கூட்டங்களும் உண்டு. குறித்த காலம் முழுவதும் வேலை செய்து முடித்தவருக்கு, தங்கிய காலத்துக்கு ஏற்ப விமானக் கட்டணத்தில் ஒரு பகுதியோ முழுவதுமோ திரும்பக் கிடைக்கும்.

வியாபாரி கண்ணுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முதலில் படும். முன்பணம் கொடுப்பதில்லை. வேலை முடிந்தபின் பட்டுவாடா. சும்மா ஊர் சுற்ற வருகிறவன் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடுவான்.

இதே போன்ற பெயரில் 1999இல் தொடங்கிய இசுரேல் நாட்டுத் திட்டம் ஒன்று உண்டு. அது யூத இளைஞருக்குப் பத்து நாள் இலவசச் சுற்றுலா. ஆர்மீனியர் பெயரை அங்கிருந்து எடுத்தாலும் சரக்கை மாற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவன் விருந்தாளி, வேலை செய்ய வருகிறவன் வீட்டுக்காரன் என்பது அவர்கள் எண்ணம்.

அரசும் பிறகு கைகொடுத்தது. 2020 முதல் ‘இகோர்ஸ்’ என்ற திட்டத்தில் வெளிநாட்டு ஆர்மீனிய நிபுணர்களை ஓராண்டு அரசு அலுவலகங்களிலேயே வேலை செய்ய வைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நாகோர்னோ-கராபாக் பகுதியிலிருந்து 1,00,000க்கும் மேற்பட்ட ஆர்மீனியர் அகதிகளாக ஆர்மீனியாவுக்குள் வந்தார்கள். அத்தனை பேரைச் சிறிய நாடு ஒன்று சில நாளில் தாங்க வேண்டியிருந்தது. பழக்கப்பட்ட தொண்டு அமைப்பு ஒரு நாட்டில் ஏற்கெனவே இருப்பதன் அருமை இப்படிப்பட்ட சமயத்தில்தான் தெரியும். வெள்ளம் வந்தபிறகு ஏரிக்கரையை உயர்த்த முடியாது அல்லவா?

பற்று வரவு பார்த்தால்

எந்தக் காரியத்துக்கும் பேரேட்டில் இரண்டு பக்கம் உண்டு. இதற்கும் பார்த்துவிடுவோம்.

பற்றுப் பக்கம் முதலில். இரண்டு மாதத்தில் ஒரு பையன் ஒரு நாட்டை மாற்றிவிட முடியாது. வேலை பழகுவதற்கே ஒரு மாதம் ஆகும். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க உள்ளூர்க்காரர் நேரம் செலவாகும். சம்பளமில்லாத ஆள் வந்தால், சம்பளத்துக்கு இருக்கிற உள்ளூர்ப் பையன் வேலை போகாமல் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை ‘நான் உங்களைக் கரையேற்ற வந்தேன்’ என்ற நினைப்போடு வந்தால் நல்லதைவிட மனக்கசப்பே மிஞ்சும். மொழிச் சிக்கலும் உண்டு. லெபனானிலும் பிரான்சிலும் வளர்ந்தவர் பேசுவது மேற்கு ஆர்மீனியம், யெரெவானில் பேசுவது கிழக்கு ஆர்மீனியம். சோவியத் காலத்தில் எழுத்துக்கூட்டலையும் மாற்றிவிட்டார்கள். வீட்டில் மொழி பழகிய பிள்ளையே அங்கே போய்த் தடுமாறுவான்.

வரவுப் பக்கம். முதல் லாபம் போகிற பிள்ளைக்குத்தான், இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பாட்டி சொன்ன கதையாக மட்டும் இருந்த நாடு அவனுக்கு முகவரி உள்ள இடமாகிறது. அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டிருக்கிறான், ஒரு அலுவலகத்தில் திட்டு வாங்கியிருக்கிறான். அந்த உறவு நன்கொடை ரசீதில் வராது. இரண்டாவது, உள்ளூருக்குத் தொடர்பு கிடைக்கிறது. ஊர் திரும்பியவன் வியாபாரம், படிப்பு, மருத்துவம் என்று எதற்கும் ஒரு கதவாக இருக்கிறான். மூன்றாவது, சிலர் திரும்பிப் போகாமல் அங்கேயே குடியேறிவிடுகிறார்கள். 1946இல் போனவர்கள் போல் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, இருந்து பார்த்து முடிவு செய்து.

நான்காவது கொஞ்சம் நுட்பமானது. முன்னே சொன்னேன், இவர்களில் பலரின் பாட்டன் ஊர் துருக்கியில் இருக்கிறது என்று. ஆகவே அவர்கள் தொண்டு செய்யப் போவது பாட்டன் பிறந்த மண்ணுக்கு அல்ல. பாட்டன் பேசிய மொழி இன்று எந்த மண்ணில் தெருவில் கேட்கிறதோ, அந்த மண்ணுக்கு. தாய்மண் என்பதைச் சர்வே நம்பர் வைத்துப் பார்க்காமல், மொழி வைத்துப் பார்க்கிறார்கள்.

நம் பக்கம் திரும்புவோம்

இந்த நாலாவது வரவுதான் நமக்கு மிக நெருங்கியது. நான் கடை வைத்திருக்கும் வெதுருகுப்பத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். சங்கத் தமிழிலும் மூங்கிலுக்கு வெதிர் என்று பெயர் உண்டு. குப்பம் என்ற சொல் இரண்டு பக்கமும் உண்டு. ஊர்ப்பெயரை எந்த மொழிக்குச் சொந்தம் என்று பிரிக்கப் பார்த்தால் பிரியாது.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் உருவானது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் பிரிந்தபோது இந்த மாவட்டம் அங்கே போயிற்று. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, நாம் இங்கேயே இருந்தோம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆக, இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, என்னைப்போல் பிழைப்புக்காக வந்தவாசி, ஆரணி, செய்யாறு, வாலாஜாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இன்னொன்று, எங்கும் போகாதவர்கள், எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து போயிற்று. இரண்டாம் வகையாரிடம் ‘உங்க சொந்த ஊர் எது’ என்று கேட்டால் இங்கேயே காட்டுவார்கள். அது நியாயமும்கூட. தெலுங்கு மக்கள் நமக்கு அந்நியர் அல்ல. கொடுத்து வாங்கி வாழ்கிறோம், அவர்கள் மொழியில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

ஆனால் பிள்ளைகள்? என் பேத்தி வீட்டில் தமிழ் பேசுவாள். பஸ்ஸில் தமிழ் போர்டு வந்தால் ‘தாத்தா, அதி ஏமி ஊரு?’ என்று என்னைக் கேட்பாள். நம் வீடுகளில் பலவற்றிலும் இதுதான் நிலை. பேச்சு இன்னும் ஒரு தலைமுறை வரும். எழுத்து இந்தத் தலைமுறையோடு நின்றுவிடும் போலிருக்கிறது. எழுத்து போனால் பழைய பத்திரம், தாத்தா எழுதிய கடிதம், கோயில் கல்வெட்டு எல்லாம் பூட்டிய பெட்டி.

சென்னை ஆர்மீனியரை மறுபடி நினைத்துப் பாருங்கள். பணம் இருந்தது, அச்சகம் இருந்தது, பத்திரிகை இருந்தது, நாட்டுச் சட்டமே கையில் இருந்தது. இன்று அந்தக் கோயிலின் மணிக்கூண்டு இருக்கிறது, வழிபட ஆர்மீனியச் சமூகம் என்று அங்கே ஒன்றில்லை. கட்டடமும் நன்கொடையும் ஒரு சமூகத்தைக் காப்பாற்றாது என்பதற்கு அரண்மனைக்காரன் தெருவைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் அரசுகளும் சில முயற்சி செய்திருக்கின்றன. மத்திய அரசு 2003-04 முதல் வெளிநாட்டு இந்திய வம்சாவளி இளைஞருக்கு ‘இந்தியாவை அறிவோம்’ என்ற பயணத்தை நடத்தியது. தமிழ்நாடு அரசு 2023இல் ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தை அறிவித்து, அயலகத் தமிழ் இளைஞரைப் பண்பாட்டுச் சுற்றுலாவாக அழைத்து வந்தது. 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரும் மற்றவரும் உதவ வழி செய்தது. நல்ல காரியங்கள். ஆனால் முதல் இரண்டும் பார்த்துவிட்டுப் போகிற பயணங்கள், அதிலும் கடல் கடந்தவருக்கு. பக்கத்து மாநிலத்தில் நூறு கிலோமீட்டரில் இருக்கும் நம் பிள்ளைகளை யாரும் அழைக்கப் போவதில்லை. நாமே அனுப்பினால்தான் உண்டு.

ஊர்க்காரர் தாமே கிளம்பிச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. மதுரையில் கல்குவாரியால் மலைகள் அழிவதைக் கண்டு எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் போன்றோர் தொடங்கிய ‘பசுமை நடை’, நூற்றுக்கணக்கான சாதாரண ஜனங்களைச் சமணக் குகைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் அழைத்துச் சென்றது. அதன் பிறகு எங்கள் தமிழ்ச் சமண அன்பர்கள் ‘அகிம்சை நடை’ என்று தொடங்கி, வடதமிழகத்து மலைகளிலும் வயல்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த சின்னங்களைத் தேடிப் போகிறார்கள். போகிற கூட்டத்தில் பெங்களூரிலும் மற்ற ஊர்களிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. காசு கொடுத்து ஆள் வைத்தால் ஒரு நாள் சுத்தம் செய்யலாம், பிள்ளை தன் கையால் ஒருமுறை புல் பிடுங்கினால் பிறகு அந்தக் கல்லை மறக்க மாட்டான்.

செய்யக்கூடியது என்ன?

பெற்றோர் கேட்பது தெரியும்: ‘பரீட்சை இருக்கு, கோச்சிங் இருக்கு, இதுல சம்பளமில்லாத வேலைக்கு வேற அனுப்பணுமா?’ நியாயமான கேள்வி. கல்லூரி விடுமுறையில் நாலு வாரம் மட்டும்தான் நான் கேட்பது. ஆர்மீனியர் அனுபவத்திலிருந்து நமக்குப் பொருந்துவதை இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

1. வேலையை நாம் தீர்மானிக்கக் கூடாது. முதலில் அந்த ஊரைக் கேட்க வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர், நூலகர், பால் சங்கத்தார், ஊர்ப் பெரியவர் இவர்களில் ஒருவர் ‘எங்களுக்கு இது வேணும்’ என்று சொன்ன வேலைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். எமினுக்குக் கிடைக்காதது இதுதான்.

2. பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்கட்டும். குறைந்தது நாலு வாரம் தங்கட்டும். திருவிழா வாரத்தில் போய்விட்டு வருவது தொண்டு ஆகாது, அது விருந்து.

3. உறவினர் வீடானாலும் சாப்பாட்டுச் செலவைச் சங்கமோ பெற்றோரோ கொடுத்துவிட வேண்டும். வாங்க மாட்டேன் என்பார்கள். அரிசி பருப்பாகவாவது இறக்கிவிட வேண்டும்.

4. தினம் ஒரு மணி நேரம் தமிழ் எழுதப் படிக்கப் பயிற்சி. அந்த ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். நம் பிள்ளைகள் பேசுகிற சித்தூர்த் தமிழைக் கேலி செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மேற்கு ஆர்மீனியம் பேசுகிற பிள்ளை யெரெவானில் படுகிற கஷ்டம்தான் இதுவும்.

5. சம்பளத்துக்கு ஆள் இருக்கும் இடத்தில் நம் பிள்ளை போய் உட்காரக் கூடாது. மாலை நேரக் கணக்கு வகுப்பு, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது, நூலகப் புத்தகங்களைப் பட்டியலிடுவது, பெரியவர்கள் சொல்லும் ஊர்க்கதைகளைப் பதிவு செய்வது, ஏரி கிணறுகளைக் குறித்து வரைபடம் போடுவது போன்ற, யாரும் செய்யாமல் கிடக்கும் வேலைகளே நமக்கு.

6. செலவுத் தொகையைப் பாதி முன்னே, பாதி வேலை முடிந்து திரும்பியபின் கொடுப்பது. திரும்பியவர் சங்கக் கூட்டத்தில் என்ன செய்தார், எது நடக்கவில்லை என்று பத்து நிமிடம் தமிழில் பேச வேண்டும்.

7. பாதை இரண்டு பக்கமும் இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் இங்கே வந்து நம் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால், நாம் அவர்களுக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்து அனுப்பலாம். எங்கும் போகாத அந்த இரண்டாம் வகைக் குடும்பங்களுக்கு இதுதான் பொருத்தம். அவர்கள் தாய்மண் இதுவே. தொண்டு இங்கேயே நடக்கட்டும்.

போன ஆண்டு எங்கள் உறவில் பி.காம். படிக்கும் பையன் ஒருவன் செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று வாரம் இருந்தான். பால் சங்கத்துக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். முதல் வாரம் போனில் ஒரே புலம்பல், ‘இங்க டவரே இல்ல’ என்று. மூன்றாம் வாரம், பழைய பதிவேட்டில் இருந்த தமிழ் எண்களை அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு எனக்கு எழுதிக் காட்டினான். க, உ, ங என்று ஒன்று இரண்டு மூன்று. என் தகப்பனாரின் கணக்கு நோட்டில் உள்ள எண்கள் அவை. இப்போது அந்த நோட்டைப் படிக்க வீட்டில் என்னைத் தவிர இன்னொருவன் இருக்கிறான்.

நம் சங்கத்தில் அடுத்த கோடைக்கு ஐந்து பிள்ளைகளை அனுப்பினாலே போதும். ஐந்து ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்க்காரரைக் கேட்டு, என்ன வேலை என்று எழுதி வாங்கும் பொறுப்பை எங்கள் வயதுக்காரர் நாலு பேர் எடுத்துக்கொள்ளலாம். கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் வயது எங்களுக்கு வந்துவிட்டது, நேரம் இருக்கிறது. தங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்ப விருப்பமுள்ள பெற்றோர், பிள்ளையின் படிப்பையும் தெரிந்த வேலையையும் ஒரு தாளில் எழுதி, பொங்கலுக்குள் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் மாசி மாதத்தில் ஊர்களைக் கேட்டுவர வசதியாக இருக்கும்.